சிப்பி நிழல்

கனமோரி இவாவோ அந்தக் கல்யாண அழைப்பு உறையைச் சிப்பிக் குவியலின்மேல் போட்டபோது கொட்டகையில் ஒருவர் கையும் நிற்கவில்லை. சீசனில் கைகள் நிற்பதில்லை. ஓட்டின் இடுக்கில் கத்தியைச் செருகித் திருக வேண்டும், உள்ளே ஒட்டியிருக்கும் தசையை அறுக்க வேண்டும், சதையை வாளியில் வழித்துவிட்டு ஓட்டைப் பின்பக்கம் எறிய வேண்டும். எறிந்த ஓடு விழுவதற்குள் அடுத்தது கையில் இருக்கும். இசோமி விரிகுடாவில் குளிர்காலம் முழுக்கக் கேட்கிற சத்தம் அதுதான்.

"கிமியே-சான், நான் என்னைக்குச் செத்தேன்?" என்றார் கனமோரி. "தேதி தெரிஞ்சா நல்லாருக்கும். எங்க வீட்ல யாருக்கும் தகவல் இல்ல."

அப்போதுதான் கைகள் நின்றன.

கிமியே ரப்பர் கையுறையைக் கழற்றி, ஏப்ரனில் கையைத் துடைத்து, உறையை எடுத்துப் பார்த்தாள். மகன் தைச்சியின் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து போன உறை. கனமோரி மணப்பெண்ணின் பெரியப்பா. பெண்ணின் அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்தான் சொல். உறையின் நடுவில் அவர் பெயர் மேலிருந்து கீழாக, அழகான கையெழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில் இறங்கியிருந்தது.

சாவு வீட்டுக்குக் கொண்டுபோகும் உறையில் மட்டும்தான் வெளிறிய மையில் எழுதுவார்கள். எழுதும்போது கண்ணீர் சொட்டி மை கரைந்துபோனதாக அதற்கு அர்த்தம். கல்யாணம் என்றால் கறுப்பு, அதுவும் நல்ல அடர்ந்த கறுப்பு. இது அந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

கிமியேவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. தலை மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். அவளுக்கு அடுத்த இடத்தில் நின்று சிப்பி உடைத்துக்கொண்டிருந்த நொபுயே குனியவில்லை. நொபுயேதான் மணப்பெண் யுகினோவின் அம்மா. கனமோரியின் செத்துப்போன தம்பியின் மனைவி. எட்டி ஒருமுறை உறையைப் பார்த்துவிட்டு, கத்தியை ஈரத்துணியில் துடைத்தாள். துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தாள்.

மேசையின் கோடியில் நின்றிருந்த மதோகா எல்லோரையும் பார்த்தாள். தைச்சியின் தங்கை அவள். வேலை பார்க்கும் கடைக்கு விடுமுறை என்பதால் அம்மாவுக்கு உதவ வந்திருந்தாள்.

"அது சாம்பல் இல்ல, கனமோரி-சான்" என்றாள். "நீலம். வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாருங்க."

"வாய மூடுட்டி" என்றாள் அம்மா, குனிந்த தலையை நிமிர்த்தாமலே.

"ஓ, நீயா எழுதுனது?" என்றார் கனமோரி. "காலேஜ்ல சொல்லிக் குடுத்தாகளோ?"

"காலேஜ்ல பொருளாதாரம் சொல்லிக் குடுத்தாங்க."

"அது சரி. அதான் மையில தண்ணி ஊத்திச் சிக்கனம் பண்ணிருக்க."

மேசையின் அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கனமோரி காலணியில் ஒட்டிய ஓட்டுத் துண்டை உதறிவிட்டு வெளியே போனார். அவர் போன வழியாக மேற்குக் காற்று உள்ளே வந்தது.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மதோகா. அப்பா ஷிகேயுகி கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பங்களிலேயே வளர்ந்தவர், அண்ணனும் அப்படியே. மதோகா ஒசாகாவில் படித்தாள், அங்கேயே ஒரு ஆபீசில் தற்காலிக வேலை பார்த்தாள், தற்காலிகம் முடிந்ததும் ஊருக்கு வந்தாள். இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே ஹொரிகாவாவின் பேனாக் கடையில் நிற்கிறாள். 'காலேஜ் முடிச்சுட்டு பென்சில் விக்கிறா' என்று அப்பா தெப்பத்தில் சொல்லிச் சிரிப்பாராம். சிரித்தது அவள் காதுக்கு வந்துவிடும். ஊர் சின்னது.

ஊருக்கு ஊர் பேனாக் கடைகள் தங்கள் ஊர்ப் பெயரில் மை போடும் பழக்கம் உண்டு. எங்கோ ஒரு கோயில் வாசலின் சிவப்பு, எங்கோ ஒரு மலையின் பச்சை. மை சேர்ப்பதற்கென்றே ரயிலேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹொரிகாவாவும் 'தீவுக் கோடை' என்று ஒரு நீலம் போட்டிருந்தார். நீச்சல்குளத்து நீலம். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள்.

"இந்த நிறத்துல நம்ம கடல நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா?" என்று மதோகா ஒருநாள் கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன்? போஸ்டர்ல பாத்தேன்" என்றார் ஹொரிகாவா. நல்ல மனுஷன், பொய் வராது.

அவரை அரித்து அரித்துத்தான் இரண்டாவது மைக்குச் சம்மதம் வாங்கினாள். கோபேயில் மை கலந்து கொடுக்கும் கம்பெனிக்கு அவளே போனாள். மற்ற ஊர்க்காரர்கள் கடல் படமும் மலைப் படமும் கொண்டுவந்து மேசையில் வைப்பார்களாம். மதோகா கைக்குட்டையைப் பிரித்து ஒரு சிப்பி ஓட்டைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு புரட்டினாள். உள்பக்கம், சதையை அறுத்து எடுத்த இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை. வெள்ளையில் நீலம் படிந்து, நீலத்தில் சாம்பல் படிந்து, ஓரத்தில் ஊதாவா பச்சையா என்று சொல்ல முடியாத ஒன்று. அம்மா நாள் முழுக்க உடைத்து, பார்க்காமலே பின்னால் எறிகிற ஓடு.

கலக்கிற ஆள் சொட்டுச் சொட்டாகக் கலந்து எழுதிக் காட்டினார். இவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் மங்கணும்."

"இதுக்கு மேல மங்குனா இது மை இல்லம்மா. பேனா கழுவுன தண்ணி."

"பரவால்ல, மங்கட்டும்."

மங்கியது. கிடைத்தது. அதற்கு 'சிப்பி நிழல்' என்று பெயர் வைத்தாள்.

பட்டையான பேனா முள்ளில் எழுதினால்தான் அந்த மை பேசும். கோடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறதா இல்லையா என்று இருக்கும். போகப் போக நீலம் ஊறும். பேனாவைத் தூக்குகிற இடத்தில் ஒரு பொட்டு தேங்கி, அது மட்டும் கருக்கும். குழல் விளக்கில் சாம்பல், ஜன்னலோரம் நீலம். மஞ்சளேறிய தாளில் எழுதினால் பாசி நிறம் லேசாகத் தட்டும். எழுதிய பக்கத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால் எழுத்துகள் அதட்டாமல் நிற்கும். ஒசாகாவில் எல்லாமே அதட்டின, போர்டுகள், அறிவிப்புகள், மேலாளர்கள். அங்கே தங்கியிருந்த அறையின் ஜன்னலில் நின்று அவள் நினைத்துக்கொண்ட ஒரே நிறம் இது. இதை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கடையில் எழுதிப் பார்க்கிறவர்கள் 'பேனால மை தீந்துருச்சா?' என்று கேட்டார்கள்.

கல்யாண உறைகளை எழுதச் சொன்னது அம்மாதான். 'நீதான் நல்லா எழுதுவ' என்றாள். மதோகாவைப் பற்றி அந்த வீட்டில் சொல்லப்பட்ட ஒரே நல்ல வார்த்தை. அதற்காகவே தன்னிடம் இருந்ததில் நல்லதைத் தொட்டு எழுதினாள். ஈரத்தில் அது கருநீலமாக இருந்தது. கறுப்பு என்றே சொல்லலாம். காயக் காயத்தான் வெளுக்கும். உறைகள் வெளுப்பதற்குள் அடுக்கி நூல் கட்டி, பெண் வீட்டுக் கட்டை முதலில் தபாலில் சேர்த்துவிட்டாள். சாவு உறை விவகாரம் அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவள் கண்ணுக்கு அது நீலம். சாம்பல் என்று ஒருவர் பார்ப்பார் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இரும்புக் கல்லில் மாவும் கோஸும் சிப்பியும் வெந்துகொண்டிருந்தன. அம்மா தோசைத் திருப்பியால் கல்லைச் சுரண்டிய சுரண்டலிலேயே எல்லாம் தெரிந்தது.

"கடை முழுக்கப் பேனா" என்றாள் அம்மா. "கறுப்பு ஒண்ணு கெடைக்கலையா ஒனக்கு?"

"கெடச்சுது. பிடிக்கல."

"பிடிக்கலையாம்ல. இவளுக்குப் பிடிக்கணும்னுல்லா கல்யாணம் வச்சோம்."

அப்பா பீரை ஊற்றிக்கொண்டு, "கனமோரி என்ன சொல்லுதாரு?" என்றார், ஏற்கெனவே தெரிந்திருந்தும்.

"வரமாட்டாராம்" என்றான் தைச்சி. "அவரு வரலைன்னா அவுக பக்கத்துல ஒரு ஆளும் வராது. யுகினோ அழுதுகிட்டே போன் பண்ணுனா. கல்யாணத்தத் தள்ளி வச்சுருவோமாங்கா."

"ஒரு மைக்காகவா?" என்றாள் மதோகா. "அவருக்குக் கண்ணு செத்துப்போச்சு, அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஏட்டி" என்றார் அப்பா.

"உங்கிட்ட நான் பாட்டிலக் காட்டுனேன்ல?" என்று அண்ணனைப் பிடித்தாள். "நல்லாருக்குன்னு சொன்னியே. உறைய எழுதி வச்சிருந்தப்பவும் நல்லாருக்குன்னுதான் சொன்ன."

"நான் எங்க பாத்தேன்? வலை வண்டி வந்துருச்சு. நல்லாருக்குன்னு சொன்னா நீ விட்டுருவன்னு சொன்னேன்."

"அதான். இந்த வீட்ல யாரும் எதையும் பாக்க மாட்டீங்க. பாக்காமலே நல்லாருக்கு, பாக்காமலே எழவு."

அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள், அதுதான் பயமாக இருந்தது.

"நொபுயே புருஷன் கடல்ல போனப்ப நீ ஒசாகாவுல இருந்த. வர முடியலன்ன. சரி. வந்த எழவு உறையெல்லாம் ஒரு பொட்டியில கெடந்துச்சு. இசோமி மொத்தமும் எழுதுன உறை. யுகினோ ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்க, நொபுயே பேர வாசிச்சு அடுக்குனா. நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன். எல்லாம் இந்த நெறம். நீலமா சாம்பலான்னு நாங்க வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கல." மாவைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கருகியிருந்தது. "இந்தா, தின்னு. கருக்குனது எனக்கு, நல்ல பக்கம் ஒனக்கு."

மதோகா தின்றாள். அம்மா சொன்னது நியாயம். அதுதான் ஆத்திரம். நியாயம் இல்லாமல் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம்.

மறுநாள் அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சாக்கே மது பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு, குட்டி லாரியில் அவளை ஏற்றினார். அவள் மடியில் கறுப்பில் எழுதிய புது உறை இருந்தது. சட்டைப் பையில் மை பாட்டில் இருந்தது. அதை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வழியில் அப்பா ஒரே ஒருமுறை பேசினார்.

"மன்னிப்புக் கேக்கறப்ப 'ஆனா'ன்னு ஒரு வார்த்தை உண்டு பாரு. அத மட்டும் சொல்லாத."

கனமோரி தன் கொட்டகை வாசலில் பழைய ஓடுகளைத் துளைபோட்டுக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷச் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்வதற்கான ஓடுகள். பின்னால் விரிகுடா மூட்டமாகக் கிடந்தது. தெப்பங்கள் எங்கே முடிகின்றன, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"உள்ள வாங்கன்னு கூப்பிட மாட்டேன்" என்றார். "செத்த வீடு. திரும்பிப் போறப்ப தீட்டுப் போக மேல உப்பு தூவிக்கோங்க. அந்தா ஜாடியில இருக்கு."

அப்பா குனிந்தார். மதோகாவும் குனிந்தாள். அப்பாவின் முதுகு இவ்வளவு கீழே போகும் என்று அவள் பார்த்ததில்லை. புது உறையை இரண்டு கையாலும் நீட்டினாள். கனமோரி வாங்கிப் பார்த்தார். கறுப்பு, கல்வெட்டு மாதிரி.

"இது ஆளு எழுதுன மாதிரி இருக்கு. அது பேயி எழுதுனது."

"தப்புதான். மன்னிச்சுருங்க" என்றாள் மதோகா. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். "ஆனா..."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆனா அது எழவு மை இல்ல, கனமோரி-சான். இத வச்சுக் கலக்குனது." அவர் மடியிலிருந்த குவியலில் ஒரு ஓட்டை எடுத்துப் புரட்டி, கறையின்மேல் விரலை வைத்தாள். பாட்டிலைப் பக்கத்தில் வைத்தாள். "இதுவும் அதுவும் ஒண்ணா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

கனமோரி ஓட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், திரும்பிக் கடலைப் பார்த்தார்.

"பொழுது விடிஞ்சா பொழுது சாஞ்சா நான் பாக்குற தண்ணி இது" என்றார். "என் தம்பிய முழுங்குன தண்ணி. இத பாட்டில்ல அடச்சு எனக்கே விக்கியா?"

அவர் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது தண்ணி பட்டா அழியுமா?"

"அழியும்."

"அழியும்." அவர் அப்பாவைப் பார்த்தார். "ஷிகேயுகி, ஒம் மக தண்ணியில அழியிற மைய மீன்பிடிக்கிற ஊர்ல விக்கா. பொருளாதாரம் படிச்சவ."

அப்பா சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தார். அதைத்தான் மதோகாவால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று நடந்து லாரியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். கண்ணாடி வழியாக அப்பா இன்னும் குனிந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஊருக்குள் நுழைந்த பிறகுதான் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தது நினைவு வந்தது. திரும்பிப் போகச் சொல்ல வாய் வரவில்லை.

"வருவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல. உறைய வாங்கிக்கிட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல." அப்பா லாரியை நிறுத்தி இறங்கினார். சட்டையில் தூவியிருந்த உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டார். சொன்னபடியே தூவியிருந்தார்.

எல்லா உறைகளையும் கறுப்பில் திரும்ப எழுதினாள். கறுப்பில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எங்கே தொட்டாலும் ஒரே கறுப்பு. மணமகன் வீட்டு உறைகளும் சேர்ந்து மேசையில் வரிசையாக, எல்லாம் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. அம்மா வந்து நின்று பார்த்தாள். "இப்பதான் கல்யாணக் களை வந்துருக்கு" என்றாள்.

கடையில் ஹொரிகாவா 'சிப்பி நிழல்' பாட்டில்களைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்தார். கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டிய சாவு உறைகள் இருக்கிற தட்டுக்குப் பக்கத்தில்.

"இங்க எதுக்கு வச்சீங்க?"

"நேத்து ரெண்டு பேரு வந்து கேட்டாங்கம்மா. கனமோரிக்கு எழுதுன எழவு மை இருக்கான்னு. இங்க வச்சா அவுகளுக்கு வசதின்னு..."

அவள் எல்லாவற்றையும் எடுத்து முன்தட்டில் 'தீவுக் கோடை'க்குப் பக்கத்தில் அடுக்கினாள். மறுநாள் காலை மறுபடியும் கீழே இருந்தன. மறுபடியும் எடுத்து அடுக்கினாள்.

பதில் அட்டைகள் வரத் தொடங்கின. அழைப்போடு வைத்து அனுப்புகிற அட்டையில், வருகிறேன், வரவில்லை என்று அச்சடித்திருக்கும். ஒன்றை அடித்துவிட்டு, கீழே நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்ப வேண்டும். பெண் வீட்டார் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. கனமோரி அனுப்புகிறாரா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தைச்சி தெப்பத்திலிருந்து வந்ததும் வராததுமாகத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தான். அம்மாவும் நொபுயேவும் அதே மேசையில் அடுத்தடுத்து நின்று சிப்பி உடைத்தார்கள். குளிரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம், தூறிக்கொண்டிருந்தபோது, அந்த அட்டை வந்தது. மதோகாதான் பெட்டியைத் திறந்தாள்.

கனமோரி 'வரவில்லை' என்பதை அடித்திருந்தார். கீழே, கோணல்மாணலாக, அட்டைக்கு வெளியே போய்விடுகிற பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்:

உயிரோடு வருகிறேன்.

எழுதியிருந்தது, மதோகா அங்கே விட்டுவந்த சிப்பி நிழலில்.

அவர் வீட்டில் இங்க் பேனா இருந்திருக்காது. குச்சியையோ, பழைய முள்ளையோ தொட்டு எழுதியிருக்கிறார். மை ஒரு கோட்டில் ஆறாக ஓடி அடுத்ததில் வற்றியிருந்தது. தூக்கிய இடமெல்லாம் குளம். ஒரு இடத்தில் ஈரவிரல் பட்டு மை விரிந்து, நீலம் ஒரு பக்கமும் இளஞ்சிவப்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து, ஓரத்தில் ஓட்டின் உள்பக்கத்தில் இருக்கிற அதே சொல்ல முடியாத நிறம் நின்றது. எத்தனையோ தாளில் எத்தனையோ பேனாவில் எழுதிப் பார்த்திருக்கிறாள், ஒருமுறையும் இப்படி வந்ததில்லை. வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். தூறல் பட்டுவிடக் கூடாதென்று அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"யாருது?" என்று அம்மா உள்ளேயிருந்து வந்தாள். சட்டைக்குள்ளிருந்து அட்டையை உருவினாள். படித்தாள். அம்மாவின் தோள் இறங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு விட்டாள். ஒரு நொடி சிரித்தும்விட்டாள்.

"கெழட்டுப் பய. வாராரு" என்றாள். "தைச்சிக்குப் போன் போடு."

மதோகா போனை எடுத்தாள். அம்மா அட்டையோடு தாழ்ந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்து கறுப்புப் பிரஷ் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"என்னம்மா செய்யிற?"

"நாளைக்கு எல்லா அட்டையையும் நொபுயேகிட்டக் காட்டணும். எண்ணி வாசிப்பா." அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இந்த நெறத்துல இன்னொரு தடவ அவ ஒண்ண வாசிக்க வேண்டாம்."

"அவரா எழுதிருக்காரும்மா. வேணும்னே எழுதிருக்காரு. பாரேன், ஒரு தடவ பாரேன். ஜன்னல்கிட்டக் கொண்டுபோய்ப் பாரு."

"பாத்துட்டேன்."

"பாக்கல நீ."

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அவள் முகத்திலிருந்து மதோகாவால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"ஆமா" என்றாள் அம்மா. "நீலந்தான்."

அட்டையை மேசையில் வைத்து, முதல் எழுத்தின் முதல் கோட்டிலிருந்து கறுப்பை ஓட்டத் தொடங்கினாள். சிப்பி உடைக்கிற கை, நடுங்கவில்லை. கனமோரியின் கோணலை அப்படியே பின்பற்றி, குளங்களை மூடி, விரல் பட்டு விரிந்த இடத்தையும் மூடிக்கொண்டு போனாள். மதோகா பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கிவிடலாம். கை நீட்டினால் எட்டும். நொபுயே அந்தக் கத்தியை இரண்டு தடவை துடைத்தது கண்முன் வந்தது. கை மடியிலேயே கிடந்தது.

கடைசி எழுத்தின் வால், கனமோரி கையைத் தூக்க மறந்து இழுத்த இழுப்பு, அட்டையின் விளிம்புவரை ஓடியிருந்தது. அம்மாவின் பிரஷ் அங்கே வந்ததும் மதோகா கட்டைவிரலை அதன்மேல் வைத்து மறைத்தாள்.

"இத விட்டுரு."

"எடுட்டி கைய."

"எடுக்க மாட்டேன்."

பிரஷ் முனையில் கறுப்பு திரண்டு நின்றது. இன்னும் ஒரு நொடி போனால் சொட்டிவிடும். அம்மா பேனாவை மூடினாள்.

"விரல எடுத்துக்கோ. கல்லுல மாவு போடணும், ஒங்கண்ணன் பசியோட வருவான்."